மண்ணின் சத்தை அளக்கும் சென்சார்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் மண்சத்து சென்சார் உருவாக்கும் ஒரு சிறு குழுவில் வேலை செய்கிறேன். வீட்டுக்குப் பின்னால் கங்கோங் கீரை போடுகிறவர்கள், பாலிக் பூலாவில் டுரியான் வைத்திருப்பவர்கள், நிபோங் திபால் பக்கம் காய்கறி பயிரிடுகிறவர்கள், தமிழ்ப்பள்ளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சுலபமானவை முதலில், சிக்கலானவை பிறகு.

இந்த சென்சார் மண்ணுல என்னத்த அளக்குது தம்பி?

பயிருக்கு அதிகம் தேவைப்படுபவை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. அதாவது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம். உரச்சாக்கில் 15-15-15 என்றும் 12-12-17 என்றும் அச்சிட்டிருப்பது இவற்றின் அளவைத்தான். வேர் இவற்றைப் பெரும்பாலும் மண்ணிலுள்ள நீரில் கரைந்த அயனிகளாக, அதாவது மின்னேற்றம் கொண்ட நுண்துகள்களாகத்தான் உறிஞ்சும். சென்சார் அளக்க முயல்வதும் அந்தக் கரைந்த பகுதியைத்தான். களித்துகளில் ஒட்டிக்கொண்டிருப்பதும் மட்குக்குள் அடைந்து கிடப்பதும் அதற்குத் தெரியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகள் சுலபமாகிவிடும்.

ஷாப்பி ஆன்லைன் கடையில ஏழு அளவு காட்டுற கருவி நூத்துச் சொச்சம் ரிங்கிட்டுக்குக் கிடைக்குதே, அது போதாதா?

போதாது. அந்த மாதிரிக் கருவிகளில் பெரும்பாலானவற்றின் எஃகு முட்கள் நிஜமாக அளப்பது ஈரம், வெப்பம், மின்கடத்துத்திறன் ஆகியவற்றைத்தான். மண்நீரில் எந்த உப்பு கரைந்திருந்தாலும் மின்சாரம் கூடுதலாகப் பாயும். அந்த ஒரே அளவை மூன்று நிலையான எண்களால் பெருக்கி, நைட்ரஜன் இவ்வளவு, பாஸ்பரஸ் இவ்வளவு, பொட்டாசியம் இவ்வளவு என்று திரையில் காட்டிவிடுகிறார்கள்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பாத்திரத்தில் குழாய்நீர் எடுத்து முட்களை மூழ்கவிட்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு சிட்டிகை சமையல் உப்பைக் கரையுங்கள். சமையல் உப்பு சோடியம் குளோரைடு. மூன்று சத்தில் ஒன்றுகூட அதில் கிடையாது. அப்படியிருந்தும் மூன்று எண்களும் ஒன்றாக ஏறினால், அந்தக் கருவி எதைப் பார்க்கிறது என்பது புரிந்துவிடும்.

இந்த விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. கையில் பணம் குறைவாக உள்ளவர்தான் இதை வாங்குகிறார், அந்த எண்ணை நம்பி உரச்செலவும் அவரே செய்கிறார். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் தூக்கிப் போட வேண்டாம். மண் எவ்வளவு ஈரமாக இருக்கிறது, உப்பு சேர்ந்துவிட்டதா என்று பார்க்க அது உதவும். என், பி, கே என்று காட்டும் மூன்று வரிகளை மட்டும் படிக்காதீர்கள்.

அப்போ நல்ல சென்சார் எப்படித்தான் கண்டுபிடிக்குது?

ஒரு குறிப்பிட்ட அயனியை மட்டும் தேர்ந்து பிடிக்கும் மெல்லிய சவ்வு அதன் முனையில் இருக்கும். பொட்டாசியத்துக்கு வாலினோமைசின் என்ற மூலக்கூறைச் சேர்த்த பிவிசி சவ்வு நன்றாக வேலை செய்கிறது. பயிர் அதிகம் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து வடிவமான நைட்ரேட்டுக்கு வேறு வகைச் சவ்வு. அயனி கூடினாலோ குறைந்தாலோ சவ்வின் இருபுறமும் உள்ள மின்னழுத்தம் மாறும். நிலையாக நிற்கும் இன்னொரு மின்முனையோடு ஒப்பிட்டு அந்த மாற்றத்தைப் படிக்கிறோம்.

25 டிகிரி வெப்பத்தில் நைட்ரேட் 10 மடங்கு மாறினால் கிடைக்கும் மாற்றம் வெறும் 59 மில்லிவோல்ட். அதனால் 1 மில்லிவோல்ட் பிழை வந்தாலே அளவில் 4 விழுக்காடு பிசகும். 10 மில்லிவோல்ட் நகர்ந்துவிட்டால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. இந்தத் தொழிலின் பாடு முழுவதும் அந்தச் சில மில்லிவோல்ட்டைக் காப்பாற்றுவதில்தான் போகிறது.

கையில காசு கம்மி. முதல்ல எதை வாங்கணும்?

மண்ணின் புளிப்பை அளக்கும் பிஎச் மீட்டர். பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். நம் நாட்டு நிலத்தில் சுமார் 72 விழுக்காடு அல்டிசால், ஆக்சிசால் என்ற இரண்டு வகை மண். இரண்டுமே மழையில் காலங்காலமாகக் கழுவப்பட்ட புளிப்பு மண். பிஎச் 5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும். அப்போது மண்ணில் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. சத்து சென்சார் "நிறைய இருக்கு" என்று காட்டும், செடி மஞ்சளாக நிற்கும்.

மண் ஒரு பங்கு, வடிநீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) இரண்டரைப் பங்கு எனக் கலந்து, கலக்கிவிட்டு, அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். பிஎச் 4, பிஎச் 7 என்று அளவு தெரிந்த இரு தாங்கல் கரைசல்களில் மீட்டரை முன்கூட்டியே சரிசெய்திருக்க வேண்டும். மண்ணில் நேராகக் குத்தும், பேட்டரி இல்லாத முள் மீட்டர்களை நான் நம்புவதில்லை. புளிப்பு அதிகம் என்றால் உரத்தை நிறுத்திவிட்டு முதலில் சுண்ணாம்பு.

நைட்ரேட் 20ன்னு காட்டுது. அது நல்லதா, கெட்டதா?

அலகைப் பாருங்கள். ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் (நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் மட்டும்) என்றால் கீரைக்கும் காய்கறிக்கும் அது தாராளம். மேல்மண்ணில் 20 முதல் 25 வரை இருந்தால் மேலுரம் போட வேண்டாம் என்பது குளிர்நாடுகளில் சோளத்துக்கும் காய்கறிக்கும் வகுத்த கணக்கு. இங்கே அதைத் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பெருமழையில் நைட்ரேட் வேருக்குக் கீழே இறங்கிவிடும் என்பதால், மழைக்கு முன் எடுத்த எண்ணை மழைக்குப் பின் நம்பக் கூடாது.

ஏக்கர் கணக்கு தெரிந்திருந்தால் எல்லாம் சுலபம். மேல் 20 சென்டிமீட்டர் மண்ணில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ 1 கிலோ நைட்ரஜன். 20 என்றால் ஏக்கருக்கு 20 கிலோ. யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் இருக்கிறது, அதாவது 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. ஆக, 20 என்று காட்டும் மண்ணில் ஒரு மூட்டை யூரியாவுக்குச் சற்றுக் குறைவான சத்து ஏற்கெனவே கிடக்கிறது. அதன் மேல் வழக்கம்போல இன்னொரு மூட்டை கொட்டினால், அடுத்த மழையில் அதில் பெரும்பகுதி வடிகாலுக்குத்தான் போகும்.

மழையும் இல்ல, உரமும் போடல. நம்பர் மட்டும் ஏறுதே, எப்படி?

மண் காய்கிறது, அவ்வளவுதான். நட்டுவைத்த சென்சார் படிப்பது மண்நீரின் செறிவை, அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை. ஒரு கிலோ மண்ணில் 200 மில்லிலிட்டர் நீர் இருக்கும்போது 100 என்று காட்டினால், கிலோவுக்கு 20 மில்லிகிராம். வெயிலில் நீர் 100 மில்லிலிட்டராகச் சுருங்கினால் அதே சத்து 200 என்று தெரியும். சத்து கூடவில்லை.

அதனால் ஈரத்தையும் சேர்த்து அளக்காத நைட்ரேட் சென்சாரால் உரக்கணக்குப் போட முடியாது. மண் மிகவும் காய்ந்துவிட்டால் சவ்வுக்கு நீர்த்தொடர்பே அற்றுப்போய் எண்கள் தாறுமாறாக ஓடும். அமெரிக்காவில் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகக் குழு ஒன்று, அச்சிட்ட நைட்ரேட் சென்சாரின் மேல் நுண்துளைகள் உள்ள, நீரை ஈர்க்கும் பாலிமர் படலத்தைப் போர்த்தி இதற்கு வழி தேடியது. மண்துகளைத் தடுத்து நைட்ரேட்டை உள்ளே விடும் அந்த யோசனை எனக்குப் பிடித்தமானது.

ஆய்வகம் 45ன்னு சொல்லுது, உங்க கருவி 10ன்னு காட்டுது. எது பொய்?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். நைட்ரேட் முழுவதையும் எடைபோட்டுச் சொல்வது ஒரு வழக்கம், அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் சொல்வது இன்னொரு வழக்கம். இரண்டுக்கும் இடையே 4.43 மடங்கு வித்தியாசம். 10-ஐ 4.43-ஆல் பெருக்குங்கள். குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்கிறது, நம் நாட்டு வரம்பு 10 என்கிறது. அங்கும் இதே கதைதான், இரண்டும் ஏறக்குறைய ஒன்று.

யூரியா போட்டு ரெண்டு நாள் ஆச்சு. நம்பர் அசையவே மாட்டேங்குது?

யூரியா முதலில் சில நாட்களில் அம்மோனியமாக உடையும். அதன் பிறகுதான் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், புளிப்பு மண்ணில் இன்னும் மெதுவாக. நைட்ரேட் சென்சாருக்கு யூரியாவும் தெரியாது, அம்மோனியமும் தெரியாது. எண் ஏறவில்லை என்று மறுபடியும் யூரியா போட்டுவிடாதீர்கள். நான் பார்த்தவரை அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான்.

செபராங் பிறையில எங்க நெல் வயல்ல ஒண்ணு நட்டு வைக்கலாமா?

நைட்ரேட் சென்சார் என்றால் வேண்டாம். தண்ணீர் கட்டிய வயலில் ஆக்சிஜன் இல்லாததால் நைட்ரஜன் அம்மோனியமாகத்தான் நிற்கும். நைட்ரேட் உருவானாலும் நுண்ணுயிர்கள் அதை வாயுவாக்கி விட்டுவிடும். அம்மோனிய சென்சார் செய்யலாம், ஆனால் பொட்டாசியமும் அம்மோனியமும் அளவில் ஒத்த அயனிகள் என்பதால் சவ்வு குழம்பும்.

நெல்லுக்கு நான் சொல்வது இலை வண்ண அட்டை. பிலிப்பைன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பியது. பச்சையின் நான்கு சாயல்கள் கொண்ட பட்டை. இலையை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வெளிறியிருந்தால் மட்டும் யூரியா. சென்சார் செய்கிறவனே அட்டையை வாங்கச் சொல்கிறானே என்று கேட்பார்கள். வயலுக்கு எது சரியோ அதைத்தானே சொல்ல வேண்டும்.

பாஸ்பரஸுக்கு ஏன் யாருமே நல்ல சென்சார் தர மாட்டேங்குறீங்க?

நம் புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் பாஸ்பேட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். மண்நீரில் கரைந்திருப்பது பெரும்பாலும் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவு. கோபால்ட் மின்முனையை வைத்துப் பலர் முயன்றிருக்கிறார்கள், ஆனால் ஆக்சிஜன் மாறினாலும் பிஎச் மாறினாலும் அதன் எண் மாறிவிடுகிறது. ஆய்வகத்தில் புளிப்பு மண்ணுக்கு 1945 முதல் வழக்கத்தில் இருக்கும் பிரே முறையில் அமிலக் கரைசலால் பிரித்தெடுத்து, மாலிப்டினம் சேர்த்து வரும் நீலநிறத்தின் அடர்த்தியை அளக்கிறார்கள். அது குத்தி எடுக்கிற வேலை இல்லை.

நல்ல செய்தி என்னவென்றால், பாஸ்பரஸ் மெதுவாகத்தான் மாறும். ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்தில் பார்த்தால் போதும். விவசாய இலாகாவின் மாவட்ட அலுவலகத்தில் மண் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில் 20 சென்டிமீட்டர் ஆழம்வரை மண் எடுத்து, கலந்து, அதிலிருந்து அரை கிலோ கொடுத்தால் போதும். எருக்குவியல் இருந்த இடத்திலும் புதிதாக உரம் போட்ட இடத்திலும் எடுக்காதீர்கள்.

நான் ரசாயன உரமே போடுறதில்ல. பஞ்சகவ்யம், மீன் அமிலம்தான். எனக்கு இது எதுக்கு?

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக இயற்கை விவசாயத்தைப் பரப்பி வருவதால் இந்தக் கேள்வி நம்மூரில் அடிக்கடி வருகிறது. உங்களுக்குத்தான் இது இன்னும் அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம். எருவிலும் மீன் அமிலத்திலும் உள்ள நைட்ரஜன் கரிமப் பொருளில் கட்டுண்டு இருக்கிறது. நுண்ணுயிர் அதை உடைத்த பிறகே நைட்ரேட் ஆகும். எப்போது உடைகிறது என்பது வெப்பம், ஈரம், எருவின் தரம் ஆகியவற்றைப் பொறுத்தது. மூட்டையில் எண் அச்சிட்டு வரும் உரமாக இருந்தால் கணக்காவது போடலாம். உங்கள் எருவுக்கு அந்த எண்ணே கிடையாது.

எரு போட்ட நாளிலிருந்து வாரம் ஒருமுறை நைட்ரேட்டைக் குறித்து வாருங்கள். எந்த வாரத்தில் ஏறத் தொடங்குகிறது என்று தெரிந்தால், அதற்கு ஏற்ப நாற்றை நடலாம். கோழி எருவை அதிகமாகக் கொட்டினால் நைட்ரேட் ரசாயன உரத்தைப் போலவே மழையில் வழிந்தோடும் என்பதையும் இந்தக் குறிப்பு காட்டிக்கொடுக்கும். ஷாப்பி கருவி இங்கே இன்னும் மோசமாக ஏமாற்றும், ஏனெனில் எருவிலுள்ள உப்பெல்லாம் அதற்குச் சத்தாகத் தெரியும்.

ஒரு தடவ நட்டுட்டா எத்தனை மாசம் தாங்கும்?

சவ்விலுள்ள மூலக்கூறுகள் மெல்ல நீரில் கசிந்து போகும், மேலே நுண்ணுயிர்ப் படலம் படியும், ஒப்பீட்டு மின்முனை நகரும். அச்சிட்ட மலிவு சென்சாரை ஒரு கீரைப் பருவத்துக்கு உரியது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு சரிபார்க்காமலே ஓடும் என்று யாராவது விற்றால், சரிபார்த்த பதிவைக் காட்டச் சொல்லுங்கள்.

சரியா காட்டுதான்னு வீட்டுலயே பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கவும் வேண்டும். ஹைட்ரோபோனிக் கடையில் பொட்டாசியம் நைட்ரேட் கிடைக்கும். 7.22 கிராம் எடுத்து, ஒரு லிட்டர் கரைசல் வரும்வரை வடிநீர் சேர்த்தால் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன். அதில் 100 மில்லிலிட்டரை எடுத்து ஒரு லிட்டராக்கினால் 100. அதையே இன்னொரு முறை செய்தால் 10. பொட்டாசியம் நைட்ரேட் தீயைத் தூண்டும் பொருள், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

100-க்கும் 10-க்கும் இடையே சுமார் 55 முதல் 60 மில்லிவோல்ட் வித்தியாசம் வர வேண்டும். 50-க்குக் கீழே இறங்கினால் சவ்வை மாற்றுங்கள். மில்லிவோல்ட்டைக் காட்டாமல் முடிவை மட்டும் காட்டும் கருவியை வாங்க வேண்டாம் என்பேன். சரிபார்க்கும் உரிமை உங்கள் கையில் இருக்க வேண்டும். கடலோர மண்ணிலும், பொட்டாசியம் குளோரைடு உரம் அதிகம் போட்ட மண்ணிலும் குளோரைடு நைட்ரேட்டைவிடப் பல மடங்கு இருந்தால் எண் பொய்யாக உயரும். அங்கே ஆய்வக முடிவோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எங்க டுரியான் தோட்டம் பாலிக் பூலாவ் மலைச்சரிவுல. ஒண்ணு வச்சா போதுமா? அங்க போன் லைனும் கிடைக்காது.

ஒன்று போதாது. சரிவின் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வையுங்கள், சத்து கீழ்நோக்கித்தான் நகரும். மரத்தின் அடியில் குத்தாதீர்கள். உரம் வாங்கும் வேர்கள் அதிகம் இருப்பது கிளை விரிந்த எல்லையின் நிழலில். 15 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒன்றும் 50 சென்டிமீட்டரில் ஒன்றும் இருந்தால், மழைக்குப் பிறகு கீழே உள்ளது ஏறுவதைக் கண்டு சத்து நழுவுவதைக் கையோடு பிடிக்கலாம். போன் லைன் இல்லாத இடத்துக்கு, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் தகவல் அனுப்பும் லோரா ரேடியோ இருக்கிறது. இங்கே 919 முதல் 923 மெகாஹெர்ட்ஸ். நடுவில் மேடு மறைத்தால் அதுவும் எட்டாது, மேட்டின் உச்சியில் அலையைப் பெறும் கருவி ஒன்று வைக்க வேண்டும்.

ஏஐ போட்டா மலிவு சென்சாரே சரியாயிடும்னு சொல்றாங்களே?

ஒரே ஒரு மின்கடத்துத்திறன் எண்ணை வைத்துக்கொண்டு மூன்று சத்தைத் தனித்தனியே சொல்ல எந்தக் கணினியாலும் முடியாது. அந்தத் தகவலே உள்ளே வரவில்லை. ஆனால் அம்மோனியத்தை நேராக அளந்து, அதோடு பிஎச், ஈரம், வானிலை எல்லாவற்றையும் சேர்த்து நைட்ரேட் எப்படி மாறும் என்று கணிக்கும் முயற்சிகள் இருக்கின்றன. அது நேர்மையான வழி, காரணம் அங்கே நிஜமாகவே ஓர் அயனி அளக்கப்படுகிறது.

பாயான் லெபாஸ் சிப் தொழிற்சாலைக்காரங்களுக்கு விவசாயத்துல என்ன வேலை?

நிறைய. 1970-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பியெட் பெர்க்ஃபெல்ட், டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 'கேட்' பகுதியின் உலோகத்தை எடுத்துவிட்டு அங்கே கரைசலைப் படவிட்டு அயனியை அளக்கலாம் என்று காட்டினார். அந்தச் சிப்புகள் பிஎச் மீட்டர்களில் வந்துவிட்டன. மண்ணுக்கு வராமல் தடுத்த பெரிய தடைகளில் ஒன்று உறையிடுதல். சிப்பின் ஒரு முனை ஈரமண்ணைத் தொட வேண்டும், அதற்குச் சில மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் கம்பி இணைப்பில் ஒரு சொட்டும் படக்கூடாது, அதுவும் மாதக்கணக்கில்.

1972 முதல் பாயான் லெபாஸ் செய்துவரும் வேலையே சிப்பை இணைத்து, உறையிட்டு, சோதிப்பதுதான். இந்தத் தீவில் நம் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள் எத்தனையோ பேர் அந்தத் தொழிற்சாலைகளில் வாழ்நாள் முழுக்க உழைத்திருக்கிறார்கள். எந்தப் பிசின் எந்த ஈரத்தில் விரிசல் விடும் என்பது அவர்களின் விரல்நுனியில் இருக்கிறது. மண் சென்சாருக்கு உலகில் எங்கே தீர்வு பிறக்கலாம் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இந்த ஊரைச் சொல்வேன்.

பயன்படுத்திட்டு மண்ணுலயே விட்டுடலாமா? பிளாஸ்டிக்தானே?

விடக்கூடாது. பிவிசி சவ்வு, அதை இளக்கும் எண்ணெய், வெள்ளி மை எல்லாம் அதில் உண்டு. காகிதத்தில் கார்பன் மையால் அச்சிட்டு மட்கிப்போகச் செய்யும் ஆய்வுகள் நடக்கின்றன. அதுவரை ஒவ்வொரு சென்சாருக்கும் பளிச்சென்ற நிறத்தில் கயிறு கட்டி, பருவம் முடிந்ததும் எண்ணி எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு எனக்கும் ஊருக்கும் என்ன லாபம்?

உங்களுக்கு லாபம், மேலே சொன்ன அந்த ஒரு மூட்டை யூரியா. உலக அளவில் போடும் நைட்ரஜனில் பாதிக்கும் குறைவாகவே பயிருக்குப் போய்ச் சேருகிறது. மீதி நீரிலும் காற்றிலும் கலக்கிறது. காற்றில் போவதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு. 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 273 மடங்கு சூடேற்றும். நீரைப் பொறுத்தவரை, பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதி சுங்கை மூடாவிலிருந்து வருகிறது, அந்த ஆறு வயல்களின் ஊடாகத்தான் ஓடி வருகிறது. பயிருக்குப் போகாத உரம் யார் வீட்டுக் குழாய்ப் பக்கம் நகர்கிறது என்பதை நாம் யோசிக்காமல் இருக்க முடியாது.

சென்சார் உரம் வேணாங்குது, உரக்கடைக்காரர் போடுங்கறாரு. நான் யார நம்புறது?

இரண்டு பேரையும் நம்ப வேண்டாம், பாத்தியைக் கேளுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி, ஒரே விதை, ஒரே தண்ணீர். ஒன்றுக்குக் கடைக்காரர் சொன்னபடி, இன்னொன்றுக்கு சென்சார் சொன்னபடி. கங்கோங்கோ சாவியோ (கடுகுக்கீரை வகை) போட்டால் சுமார் ஒரு மாதத்தில் அறுவடை. இரு பாத்தியின் கீரையையும் எடைபோட்டு, போட்ட உரத்தின் எடையோடு ஒரே நோட்டில் எழுதுங்கள்.

மழை கொட்டும் செப்டம்பர், அக்டோபரில் ஒருமுறை, காய்ந்த மாதத்தில் ஒருமுறை செய்யுங்கள், ஏனெனில் இரண்டிலும் ஒரே விடை வராது. மழைக்காலப் பாத்தியில் சென்சார் தோற்றால், அது படித்த நேரத்துக்கும் நீங்கள் உரம் போட்ட நேரத்துக்கும் இடையே எத்தனை மழை பெய்தது என்று முதலில் பாருங்கள். அந்த நோட்டின் படத்தை எங்களுக்கு அனுப்பினால், அடுத்த சென்சாரை அதை வைத்துத்தான் திருத்துவோம்.